சனிக்கிழமைக்கு ஒரு மந்தை

2007இல் கணக்கராகச் சேர்ந்த ஏற்றுமதி நிறுவனத்திலிருந்து 2018 ஜூனில் நின்றுகொண்டேன். ஜி.எஸ்.டி. வந்து ஓராண்டு ஆகியிருந்தது. திருப்பூரில் கணக்குத் தெரிந்தவர்களுக்கு அப்போது இருந்த மவுசு அதற்கு முன்பு இருந்ததில்லை. நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஒரு பனியன் பல கைகள் மாறித்தான் அட்டைப்பெட்டிக்குள் போகும். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு ஜாப் ஒர்க் பில். மேலே இருக்கிற கம்பெனிக்காரர் ஜி.எஸ்.டி. நம்பர் கேட்கிறார் என்பதற்காகவே பதிவு செய்துகொண்ட சின்னச் சின்ன யூனிட்காரர்கள், மஞ்சப்பையில் பில்களை அள்ளிப் போட்டுக்கொண்டு யாரிடம் போவதென்று தெரியாமல் அலைந்தார்கள். நான் பி.காம். படித்தவள். ஜி.எஸ்.டி. பிராக்டிஷனராகப் பதிவு செய்துகொண்டு, காங்கயம் ரோட்டில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்துத் தனியாக உட்கார்ந்தேன்.

அதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன.

முதலாவது, அப்பா. அவர் கட்டிங் மாஸ்டர். சனிக்கிழமை சாயங்காலம் வாரக்கூலி வாங்கிக்கொண்டு வருவார். அந்தக் கவரில் இருப்பதுதான் அடுத்த சனிக்கிழமை வரைக்கும் வீடு. ஆர்டர் இல்லாத வாரத்தில் கவர் மெலிந்திருக்கும். தீபாவளிக்குப் பிறகு சில வாரம் கவரே இருக்காது. பி.எஃப். கிடையாது, பென்ஷன் கிடையாது. அறுபத்தெட்டு வயதில் கை நடுங்க ஆரம்பித்தது. அடுக்கி வைத்த துணியில் மிஷின் கத்தி ஒரு நூல் விலகினாலும் அத்தனை பீஸும் வீண் என்பதால், அவராகவே வேலைக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். உழைப்பு நின்ற மறுவாரமே வருமானமும் நின்றது. அவர் போன பிறகு அம்மா என்னோடு வந்துவிட்டார். என் கை ஓய்ந்தாலும் வீடு ஓய்ந்துவிடக் கூடாது என்ற எண்ணம் எனக்கு அந்தக் கவர்களிலிருந்து வந்தது.

இரண்டாவது காரணம் கல்வெட்டு. கல்லூரி நாட்களில் அவினாசிக் கோயிலுக்குப் போயிருந்தபோது, ஒரு பெரியவர் சுவரில் இருந்த எழுத்துகளை விரலால் தடவித் தடவி வாசித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கீறலாகத் தெரிந்தது அவருக்கு வாக்கியமாகத் தெரிந்தது. யார், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டில், எவ்வளவு கொடுத்தார், அதை யார் வாங்கிக்கொண்டு என்ன செய்வதாக ஒப்புக்கொண்டார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல, இது கணக்குப் புத்தகமல்லவா என்று தோன்றியது. என்றாவது ஒரு கல்வெட்டையாவது நானே மைப்படி எடுத்து, நானே படித்து, பிழையில்லாமல் எழுதி வைக்க வேண்டும் என்ற ஆசை அன்று விழுந்தது. நிறுவன வேலையில் ஷிப்மென்ட் நாட்களில் இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும் வாழ்க்கையில் அதற்கு இடமே இல்லை. தொழில் நமதாகிவிட்டால் நேரமும் நமதாகிவிடும் என்ற நம்பிக்கையும் வேலையை விட்டதில் கலந்திருந்தது.

நேரம் அப்படி உடனே நமதாகிவிடுவதில்லை. சம்பள வேலையில் நாள் முடிந்ததென்று இன்னொருவர் சொல்வார். பத்து மணிக்கானாலும் கம்பெனிக் கதவு சாத்தப்படும். சொந்தத் தொழிலில் அந்தக் கதவை நாமேதான் சாத்த வேண்டும். மாதம் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம், 20ஆம் தேதிக்குள் 3பி ரிட்டன். ஒரு நாள் தவறினாலும் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரிக்கு வட்டி தனி. 18, 19 தேதிகளில் ஜி.எஸ்.டி. தளம் திணறும். மஞ்சப்பைக்காரர்கள் 19ஆம் தேதி மத்தியானம்தான் வருவார்கள். மகள் அறையின் மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே தூங்கிப்போவாள்.

முதல் இரண்டு ஆண்டுகள் வந்த எந்த வேலையையும் நான் திருப்பி அனுப்பவில்லை. அது சரியென்றுதான் இன்றும் நினைக்கிறேன். வீட்டுச் செலவு கணவரின் மெர்ச்சண்டைசர் சம்பளத்தில் ஓடியது; வீட்டுக் கடன் தவணையும் மகளின் பள்ளிக் கட்டணமும் என் பொறுப்பு. அடுத்த மாதம் எத்தனை பேர் பணம் தருவார்கள் என்று தெரியாத நிலையில் வேலையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கும் இருப்பதில்லை. அந்த உரிமையை முதலில் சம்பாதிக்க வேண்டும்.

அதைச் சம்பாதித்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்.

வேலையை விட்டபோது கிராஜுவிட்டி வந்தது. கடைசி அடிப்படைச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வேலை செய்த ஆண்டுகளால் பெருக்கினால் வருகிற தொகை. என் அடிப்படைச் சம்பளம் 16,000, பதினோரு ஆண்டுகள், ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் வந்தது. அதை அப்படியே தனிக்கணக்கில் போட்டு, ஆறு மாதத் தவணைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் போதுமான தொகையாகும் வரை மேலும் சேர்த்தேன். பி.எஃப். பணத்தை எடுக்கவில்லை. வேலையை விட்டவுடன் அதை எடுத்து ஸ்கூட்டர் வாங்குகிறவர்களையும், கடையின் முன்பணத்துக்குக் கொடுக்கிறவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். கணக்கில் புதிதாகப் பணம் சேராவிட்டாலும் வட்டி சேர்ந்துகொண்டிருக்கும். அது பேசாமல் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இனி நிறுவனம் தன் பங்காக எனக்குப் போடப்போவது ஒன்றுமில்லை, என் பங்கும் அதன் பங்கும் நானேதான் போட வேண்டும் என்பதால், மாதம் பிறந்தவுடன் ஒரு தொகையை நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டிலும் பி.பி.எஃப்.இலும் போடத் தொடங்கினேன்.

அடுத்து, மூன்று வங்கிக் கணக்குகள். தொழில் கணக்கில் பணம் வரும். அதில் ஒரு பங்கு அன்றே வரிக் கணக்குக்குப் போகும். கொஞ்சம் பெரிய நிறுவனங்கள் கட்டணத்தில் 10 சதவீதத்தை டி.டி.எஸ். பிடித்துக்கொண்டுதான் கொடுக்கும், சின்ன யூனிட்கள் முழுதாகக் கொடுக்கும். கணக்கியல் போன்ற சில தொழில்களுக்கு மொத்த வரவில் பாதியை லாபமாகக் காட்டி வரி கட்ட வருமான வரிச் சட்டம் வழி வைத்திருக்கிறது. முன்வரியை மார்ச் 15க்குள் ஒரே தவணையில் கட்டிவிடலாம். ஆனால் அந்த ஒரே தவணைக்குப் பணம் மார்ச்சில் கையில் இருக்க வேண்டுமே. ஊருக்கெல்லாம் கணக்கு எழுதுகிறவர்கள் வீட்டிலேயே மார்ச் மாதம் நகை அடகுக்குப் போவதுண்டு. மூன்றாவது, வீட்டுக் கணக்கு. மாதம் 1ஆம் தேதி தொழில் கணக்கிலிருந்து எனக்கு நானே ஒரு நிலையான சம்பளம் அனுப்பிக்கொள்வேன். நல்ல மாதத்திலும் அதே தொகை, மோசமான மாதத்திலும் அதே தொகை. அப்பாவின் கவர் ஒரு வாரம் தடித்தும் ஒரு வாரம் மெலிந்தும் வந்ததை என் மகள் பார்க்க வேண்டியதில்லை என்பது இந்த ஏற்பாட்டில் எனக்குக் கிடைத்த பெரிய நிம்மதி.

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்தார்கள். எந்நேரமும் எங்கிருந்தாவது மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும் ஊர் அடங்கிப்போனது. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் ஊர் திரும்பத் தொடங்கினார்கள். யூனிட்காரர்களுக்கே வரவில்லை என்னும்போது எனக்கு எப்படிக் கட்டணம் வரும்? ரிட்டன் தேதிகளைத் தள்ளிவைத்துவிட்டார்கள். சேமித்து வைத்த ஆறு மாதப் பணம் தவணையைக் கட்டியது. வேலைக்குப் போன நாளிலிருந்து முதல்முறையாக, பகல் முழுக்க எனக்கென்று இருந்தது.

அந்த நாட்களில்தான் கல்வெட்டு எழுத்துகளைக் கற்றுக்கொண்டேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், நாங்கள் ஐயா என்றே அழைப்போம், தினமும் மாலை எங்கள் குழுவுக்குச் செல்பேசி வழியாகப் பாடம் நடத்தினார். புள்ளி வைக்காத மெய்யெழுத்து, காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு தெரியாத வடிவம், இடையில் வரும் கிரந்தம், வட்டெழுத்து என்று ஒவ்வொன்றாக. எனக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடிபட்டவை எண்களும் பின்னங்களும். அரை, கால், அரைக்கால், மா, காணி, முந்திரி என்று ஒன்றை 320 கூறாக்கிக் கணக்கு வைத்தவர்களின் குறியீடுகளைப் பார்த்தபோது, தொழிலால் எனக்குச் சொந்தக்காரர்களைப் பார்த்தது போலவே இருந்தது.

பாடத்துக்காக, தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் அடங்கிய தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியை வாசித்தோம். அதில் நந்தா விளக்குக் கொடைகள் வரிசையாக வரும். அணையாமல் எரியும் ஒரு விளக்குக்கு 96 ஆடு. ஆடு இல்லையென்றால் 48 பசு, அல்லது 16 எருமை. இடையர்கள் அந்த ஆடுகளைப் பொறுப்பேற்றுக்கொண்டு, நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். இப்படிக் கொடுத்த ஆடுகளைச் சாவா மூவாப் பேராடு என்று பல கல்வெட்டுகள் சொல்கின்றன. தனித்தனி ஆடு சாகும், கிழடாகும். ஆனால் குட்டிகள் பிறந்து அந்த இடத்தை நிரப்பிவிடும், எண்ணிக்கை குறையாது. காசாகக் கொடுத்த கொடைகளும் உண்டு. அந்தக் காசை ஊர்ச்சபைகள் வாங்கிக்கொண்டு, ஆண்டுக்குக் காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 சதவீதம், வட்டி கட்டியிருக்கின்றன. எங்கள் கொங்குநாட்டுக் கல்வெட்டுகளில் விளக்கெரிக்க அச்சு என்னும் காசைக் கொடுத்த செய்திகள் அதிகம். எல்லாவற்றிலும் ஏற்பாடு ஒன்றுதான். முதலைத் தொடக்கூடாது; விளைவதில் விளக்கு எரிய வேண்டும்.

பணச் சுதந்திரம் என்று இன்று சொல்லப்படுவதும் இதே ஏற்பாடுதான். நம் உழைப்பு இல்லாமல், சேர்த்து வைத்த முதலின் விளைச்சலில் வாழ்க்கை நடப்பது. வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994இல் ஒரு கணக்கு வெளியிட்டார். அமெரிக்காவின் பழைய பங்கு, பத்திர விளைச்சலை வைத்துப் பார்த்து, ஓய்வின் முதலாண்டில் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே போனாலும் பணம் 30 ஆண்டுகள் தாங்கும் என்றார். ஆண்டுச் செலவின் 25 மடங்கு வேண்டும் என்று எல்லோரும் சொல்வது அதிலிருந்து வந்ததுதான். நம் ஊரின் விலைவாசி ஏற்றத்துக்கு 30 மடங்காவது வேண்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது. பங்கு, பத்திரம் எல்லாம் சேர்ந்து 4 சதவீதத்துக்கு மேல்தானே விளைகிறது, ஏன் அவ்வளவு குறைவாக எடுக்க வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். இடையர் பிறந்த குட்டிகளை எல்லாம் விற்றுத் தின்றிருந்தால் மந்தை எத்தனை வருடம் இருந்திருக்கும்? விளைச்சலில் ஒரு பகுதி முதலுக்கே திரும்பினால்தான், விலைவாசி ஏற ஏற முதலும் அதே பலத்தோடு நிற்கும்.

இந்தக் கணக்கை என் வீட்டுக்குப் போட்டேன். மாதம் 50,000 ரூபாய் செலவு. ஆண்டுக்கு 6 லட்சம். 25 மடங்கென்றால் ஒன்றரைக் கோடி, 30 மடங்கென்றால் 1.8 கோடி. மாதாமாதம் சில ஆயிரங்களைச் சேர்க்கிற ஒருத்தியை அந்தத் தொகை சோர்வடையச் செய்யும். எனக்கும் சோர்வு வந்தது. தொகையை எட்டும்வரை எல்லா வேலையையும் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும், கல்வெட்டு அதன்பிறகு என்றுதான் எந்தக் கணக்குப்படியும் வந்தது.

அந்தச் சோர்வைப் போக்கியதும் கல்வெட்டுத் தொகுதிதான். ஒரு கோயிலின் அத்தனை விளக்கையும் ஒரே ஆள் ஒரே நாளில் ஏற்பாடு செய்துவிடவில்லை. ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு மந்தை. அதற்கும் முடியாதவர்கள் அரை விளக்குக்கு மட்டும் கொடுத்தார்கள். கல்லில் அதுவும் மரியாதையோடு எழுதப்பட்டிருக்கிறது. மந்தையை ஒப்படைத்ததும் அந்த விளக்கு எரிய ஆரம்பித்துவிடும். கோயில் முழுக்க வெளிச்சமாகட்டும், அப்புறம் இதை ஏற்றிக்கொள்ளலாம் என்று யாரும் காத்திருக்கவில்லை.

அன்றிரவே 1.8 கோடி என்ற ஒற்றைத் தொகையை அடித்துவிட்டு, வாழ்க்கையில் எவையெல்லாம் என் உழைப்பை நம்பாமல் எரிய வேண்டும் என்று தனித்தனியாக எழுதினேன். அம்மாவின் மருந்து. சனிக்கிழமை. மகளின் கல்லூரி. கடைசியில் வீடு முழுக்க.

வரிசையில் முதலாவது அம்மாவின் மருந்து. மாதம் சுமார் 4,000 ரூபாய். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான அஞ்சலகச் சேமிப்புத் திட்டத்தில் 2023 ஏப்ரலில் வட்டியை 8.2 சதவீதமாக உயர்த்தினார்கள். அதுவரை இதற்கென்று சேர்த்ததை அம்மாவின் பெயரில் போட்டேன். 6 லட்சம் போட்டால் காலாண்டுக்கு 12,300 ரூபாய், மாதத்துக்கு 4,100. மருந்துக்கடைப் பணம் இப்போது அம்மாவின் கணக்கிலிருந்து போகிறது. அந்தத் திட்டம் ஐந்தாண்டுக்கானது, வட்டியும் விலைவாசியோடு சேர்ந்து ஏறாது என்பதால், மேலும் கொஞ்சம் ஃபண்டில் சேர்த்து வருகிறேன். ஆனால் 20ஆம் தேதி ஒருவர் கட்டணம் தரவில்லையென்றால் அம்மாவின் மாத்திரை என்னாகும் என்ற கவலை முழுதாகப் போய்விட்டது. முதல் காலாண்டு வட்டி வந்த அன்று அம்மா தன் கையால் என் மகளுக்கு ஒரு பாவாடைத் துணி எடுத்துக்கொடுத்தார். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் கவரை எதிர்பார்த்திருந்த மனுஷி அவர்.

சனிக்கிழமை அதைவிடக் கடினமான விளக்கு. திருப்பூரில் சனிக்கிழமை ஓய்வு நாளல்ல. வாரக்கூலி பட்டுவாடா நாள். யூனிட்காரர்கள் வங்கிக்குப் போய்விட்டு, போகிற வழியில் பில்லையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். அன்று கதவைச் சாத்தினால் இரண்டு மூன்று பேர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள் என்பது உறுதி. இழப்பு மாதம் 6,000, ஆண்டுக்கு 72,000. 25 மடங்குக் கணக்கில் 18 லட்சம். மருந்துக்கான ஏற்பாட்டுக்கு முன்பே, 2021 தொடக்கத்தில், பி.எஃப்., ஃபண்ட், பி.பி.எஃப். எல்லாம் சேர்ந்து 9 லட்சத்தை ஒட்டி இருந்தது. சரியாகப் பாதி மந்தை. அரை விளக்கு. ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளில் அலுவலகம் கிடையாது என்று கதவில் எழுதி ஒட்டினேன். அந்தப் பணத்தை எடுத்துச் செலவழிப்பதாக எண்ணமே இல்லை. சம்பாதிக்கிற வரையில் அது வளர்ந்துகொண்டிருக்கும். போகிற வருமானத்துக்கு ஈடாக ஒரு முதல் நிற்கிறது என்ற தைரியம் இருந்தால் போதும், கதவைச் சாத்த முடிகிறது.

அதே 2021 ஜனவரியில் ஒரு விதி மாற்றமும் கைகொடுத்தது. 5 கோடி வரை விற்றுமுதல் உள்ளவர்கள் மாதாமாதம் வரியை மட்டும் கட்டிவிட்டு, ரிட்டனைக் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்யலாம் என்றார்கள். என்னிடம் இருந்த பெரும்பாலோருக்கு அது பொருந்தியது. மிச்சமாகும் நாட்களில் இன்னும் பத்துப் பேரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று சக தொழில்காரர்கள் சொன்னார்கள். நான் அந்த நாட்களைச் சனிக்கிழமைகளுக்குக் கொடுத்தேன்.

நிட்டிங் யூனிட் வைத்திருக்கும் ஒருவர் திங்கட்கிழமை வந்து கேட்டார்.

“ஏனம்மிணி, சனிக்கெழம ஆபீசு பூட்டிக் கெடந்துச்சு? ஒடம்புக்கு முடியலீங்களா?”

“நல்லாத்தானுங்ணா இருக்கேன். ஒரு வாரம் உட்டு ஒரு வாரம் சனிக்கெழம லீவுங்க. கல்வெட்டுப் படிக்கப் போறேனுங்க.”

“கல்வெட்டா? அதுல என்ன வருமானமுங்க?”

“வருமானமெல்லாம் ஒண்ணும் இல்லீங்ணா.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “எங்க தோட்டத்துக்குப் பக்கத்துல ஒரு கல்லு கெடக்குது. எழுத்தாட்ட இருக்கும். வந்து பாக்கறீங்களா?” என்றார். அன்றிலிருந்து அவர் வெள்ளிக்கிழமையே பில்லைக் கொண்டுவந்து விடுகிறார். போக வேண்டிய மூன்று பேர் போனார்கள். மற்றவர்கள் பழகிக்கொண்டார்கள்.

வேண்டாம் என்று சொல்லும் பலம் ஒருமுறை வந்துவிட்டால் அது மற்ற இடங்களுக்கும் பரவுகிறது. பெரிய நிறுவனம் ஒன்று எனக்கு மாதக்கணக்கில் கட்டணம் பாக்கி வைத்திருந்தது. முன்பென்றால் அவர்களை இழக்கப் பயந்து கேட்கத் தயங்கியிருப்பேன். சிறுதொழில் என்று உத்யம் பதிவு செய்துகொண்டேன். குறு, சிறு தொழில்களுக்குத் தர வேண்டிய பணத்தை ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். 2023-24 நிதியாண்டிலிருந்து, கெடு தாண்டிப் பாக்கி வைத்த தொகையை அந்த ஆண்டின் செலவாக வருமான வரிக் கணக்கில் காட்ட முடியாது என்ற விதியும் சேர்ந்துகொண்டது. பாக்கியைக் கேட்டு ஒரே ஒரு கடிதம் எழுதினேன். பணம் வந்தது. அத்தோடு அந்த வேலையை முடித்துக்கொண்டேன். என்னிடம் வரும் ஜாப் ஒர்க்காரர்களுக்கும் இந்தச் சட்டத்தை ஒவ்வொருவராக உட்காரவைத்துச் சொல்லி வருகிறேன். வர வேண்டிய பணம் வராமலேயே கடனில் மூழ்கிய யூனிட்கள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு.

2024இல் சனிக்கிழமையின் மந்தை முழுதானது. இப்போது எல்லாச் சனிக்கிழமையும் கதவு சாத்தியிருக்கும்.

நிட்டிங் யூனிட்காரர் சொன்ன கல்லைப் பார்க்க ஐயாவோடும் குழுவோடும் போனோம். ஊர்ப் பெரியவர்களிடம் அனுமதி வாங்கி, கள்ளிப்புதரை வெட்டி ஒதுக்கினோம். இடுப்பளவு உயரப் பலகைக்கல். தேங்காய்நார்ப் பிரஷால் பாசியைத் தேய்த்துக் கழுவியபோது, கல் ஈரமாகிக் கறுத்து வரிகள் தெரிந்தன. நனைத்த தாளைக் கல்லின்மேல் மடிப்பு விழாமல் ஒட்டவேண்டும். காற்று இல்லாத நேரம் பார்க்க வேண்டும். பிறகு கட்டைப் பிரஷால் மேலிருந்து கீழாக ஒரே அழுத்தத்தில் அடிக்க வேண்டும். ஓங்கி அடித்தால் தாள் கிழியும். மெதுவாக அடித்தால் தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்காது. தாள் பாதி உலர்ந்ததும், மையில் தோய்த்த துணிப்பந்தை ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். மேடெல்லாம் கறுப்பாகி, பள்ளத்தில் இறங்கிய இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். பிரஷை ஐயா என் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்து நின்றுகொண்டார்.

விளக்குக் கொடைதான். ஆனால் நடுவில் ஒரு வரி உளியடி பட்டுச் சிதைந்திருந்தது. எழுத்தாக வாசிக்க வழியில்லை. கடைசி வரியில் மொத்தமாகக் கொடுத்த அச்சின் எண்ணிக்கை தெளிவாக இருந்தது. மேலே இரண்டு இனங்களுக்கான எண்ணிக்கையும் தெளிவு. மொத்தத்தில் அவை இரண்டையும் கழித்துப் பார்த்தேன். மூன்று வந்தது. சிதைந்த இடத்தில் மீந்திருந்த வளைவு மூன்றின் குறியோடு பொருந்தியது. ஐயா தாளைச் சூரியனுக்கு எதிரே பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, “எழுதிக்கங்க. வாசிப்பு உங்க பேர்லயே இருக்கட்டும்” என்றார். நான் ஆசைப்பட்டது அந்த ஒரு வாசிப்புக்குத்தான். தொழிலில் நாள்தோறும் செய்கிற கழித்தல்தான் அதைக் கொடுத்தது என்பதில் இன்னும் கூடுதல் நிறைவு.

எழுத்து பழகுவதற்குக் கண் வேண்டும், வெயிலில் நிற்கக் கால் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பல ஆண்டுகள் வேண்டும். ஐம்பத்தைந்து வயதில் மொத்தமாகப் பணம் கிடைத்தாலும் அந்த ஆண்டுகளை மொத்தமாக வாங்க முடியாது. வாரம் ஒரு நாளாகத்தான் அவை சேரும். பணத்துக்கு மாதாமாதம் எஸ்.ஐ.பி. போடத் தெரிந்த நாம் ஆசைப்பட்ட கலைக்கு அப்படிப் போடாமல் விட்டுவிடுகிறோம்.

மகளின் கல்லூரிக்கான தொகை பாதிக்கு மேல் சேர்ந்திருக்கிறது. வீடு முழுவதற்குமான 1.8 கோடி இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது; அதற்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடிக்கும். அந்த ஆண்டுகளைக் காத்திருக்கும் காலமாக நான் எண்ணவில்லை. சனிக்கிழமை எனக்கு ஏற்கெனவே வந்துவிட்டது, அம்மாவின் மருந்து என் 20ஆம் தேதிகளை நம்பி இல்லை. சொந்தத் தொழிலுக்கு வருகிற தம்பி தங்கைகள் என்னிடம் எவ்வளவு சேர்த்தால் போதும் என்று கேட்கும்போது, எதற்குப் போதும் என்று திருப்பிக் கேட்கிறேன். உங்களுக்கு எரிய வேண்டியவற்றை ஒவ்வொன்றாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் மாதம் எவ்வளவு, ஆண்டுக்கு எவ்வளவு, 25 அல்லது 30 மடங்கு எவ்வளவு என்று போடுங்கள். ஆகச் சிறியதை முதலில் சேருங்கள். சேர்ந்த உடனே அதை அனுபவிக்கத் தொடங்குங்கள். பாதிதான் சேர்ந்ததென்றால் பாதியை அனுபவியுங்கள். முழுச் சுதந்திரம் வரும் நாளில் அதை வைத்து என்ன செய்வதென்று தெரிந்த மனுஷராக நாம் இருக்க வேண்டும், அதற்கான பழக்கம் இந்தச் சின்னச் சுதந்திரங்களில்தான் வரும்.